வேலை போனால் இஎஸ்ஐ-யில் 90 நாள் நிவாரணம்: தொழிலாளியும் முதலாளியும் செய்ய வேண்டியவை

சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்களில் பலர் அதை ஆஸ்பத்திரி கார்டாக மட்டுமே பார்க்கிறார்கள். வேலை போனாலும் அதில் பணம் உண்டு. திட்டத்தின் பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலை 1-இல் சராசரிச் சம்பளத்தில் 25 சதவீதம் என்று தொடங்கி, 2020-இல் 50 சதவீதமாக உயர்ந்தது. வாழ்நாளில் மொத்தம் 90 நாளுக்குக் கிடைக்கும். காலக்கெடு வைத்து அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் இது. அதனால் விண்ணப்பிக்கும் முன் இப்போது நடைமுறையில் இருக்கிறதா என்று உங்கள் கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஐபி நம்பர் (இஎஸ்ஐ-யில் உங்களுக்கான காப்பீட்டு எண்), 21,000 ரூபாய் மாதச் சம்பள உச்சவரம்பு, பங்களிப்பாகச் சம்பளத்தில் தொழிலாளி 0.75, முதலாளி 3.25 சதவீதம் என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்கு வருகிறேன்.

படி 1: 78 நாள் கணக்கைப் பாருங்கள்

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான். இஎஸ்ஐ ஆண்டை இரண்டு பங்களிப்புக் காலமாகப் பிரிக்கிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. வேலை போவதற்கு முன் இரண்டு ஆண்டாவது இஎஸ்ஐ வரும் வேலையில் இருந்திருக்க வேண்டும். அதோடு, வேலை போனதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குக் குறையாமல் பிடித்தம் நடந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் இருக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் 20-இல் வேலை போனதாக வையுங்கள். முந்தைய காலம் என்பது 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை. 2025 ஏப்ரலுக்குப் பின் வேலை பார்த்த நாட்கள் இந்தக் கணக்கில் வராது. 'நாலு மாசமா ஒரு நாள்கூட லீவு போடலையே' என்பவருக்கு மனு தள்ளுபடியாவது இதனால்தான். அந்த ஆறு மாதத்தில் 77 நாள் இருந்தாலும் கிடைக்காது.

இரண்டு ஆண்டும் ஒரே கம்பெனியில் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஐபி நம்பரில் இருக்க வேண்டும். இதைப் பற்றிக் கடைசியில்.

நாள் கணக்கை இஎஸ்ஐ கழகத்தின் (இஎஸ்ஐசி) தளத்தில் ஐபி உள்நுழைவில் மாதவாரியாகப் பார்க்கலாம். சம்பளச் சீட்டை நம்பி உட்காராதீர்கள். சீட்டில் பிடித்த பணம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பதைத் தளம்தான் சொல்லும்.

படி 2: எப்படி வெளியேறுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்

ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர், ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வு வாங்கியவர், தானாக வேலையைக் கைவிட்டவர் ஆகியோருக்கு நிவாரணம் இல்லை. ஆள் குறைக்கும்போது சில இடங்களில் 'சொந்தக் காரணத்துக்காக விலகுகிறேன்' என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். அந்த ஒரு வரி உங்கள் மனுவையே சாய்த்துவிடும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஆட்குறைப்பு என்ற காரணத்தை அதில் எழுதுங்கள். நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

படி 3: முதலாளி அல்லது கணக்கர் செய்ய வேண்டியது

தளத்தில் முதலாளி ஏற்றும் மாதப் பங்களிப்பு எக்செல் கோப்பில் ஆறு பத்திகள். கடைசி இரண்டில்தான் விஷயமே இருக்கிறது: வேலை நாள் பூஜ்ஜியமாக இருந்தால் அதற்கான காரணக் குறியீடு, கடைசி வேலை நாள். வேலையை விட்டுப் போனவருக்கு 2, ஆட்குறைப்புக்கு 10. ஆளே இல்லாத மாதத்துக்கு 0 (காரணம் இல்லை), 1 (விடுப்பு), 11 (வேலை இல்லை) என்று போட்டுவிட்டால், அவர் பெயர் பட்டியலில் மாதாமாதம் தொடரும். இஎஸ்ஐ கணக்கில் அவர் இன்னும் உங்கள் ஆள்தான். வேலையில் இருப்பவருக்கு வேலையின்மை நிவாரணம் எப்படிக் கிடைக்கும்? ஆட்குறைப்பு என்றால் 10 போடுங்கள். பழக்கத்தில் 2 போட்டுவிடாதீர்கள்.

தேதியும் சிக்கல் தரும். 20/08/2025 அல்லது 20-08-2025 என்றுதான் இருக்க வேண்டும். ஒற்றை இலக்கத்துக்கு முன் பூஜ்ஜியம் கட்டாயம். 5/8/2025 என்றாலோ 5-ஆகஸ்ட் என்பதுபோல் மாதத்தின் பெயர் வந்தாலோ தளம் ஏற்காது. எக்செல் தானாகத் தேதியை மாற்றிவிடும் என்பதால், தட்டச்சு செய்யும் முன்பே எல்லாப் பத்திகளையும் 'டெக்ஸ்ட்' வடிவுக்கு மாற்றுங்கள். கோப்பைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் (97-2003) சேமியுங்கள். லிப்ரே ஆஃபிஸ் கால்க் இதற்குப் போதும். இதற்காகக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.

பங்களிப்பை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி.

படி 4: எவ்வளவு வரும்?

வேலை போவதற்கு முந்தைய நான்கு பங்களிப்புக் காலத்தின் மொத்தச் சம்பளத்தை 730-ஆல் (இரண்டு ஆண்டின் நாட்கள்) வகுத்து, அதில் பாதி. மாதம் 15,000 என்றால் இரண்டு ஆண்டுக்கு 3,60,000. நாள் சராசரி 493.15 ரூபாய், நிவாரணம் 246.58 ரூபாய். 90 நாளுக்குச் சுமார் 22,190 ரூபாய். நடுவில் சம்பளம் இல்லாத மாதங்கள் இருந்தாலும் வகுக்கும் எண் 730 தான். தொகை அந்த அளவுக்குக் குறையும்.

படி 5: விண்ணப்பம்

வேலை போய் 30 நாள் ஆன பிறகு விண்ணப்பிக்கலாம். ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. வரப்போகும் நாட்களுக்கு முன்கூட்டியே கேட்க முடியாது, கழிந்த நாட்களுக்குத்தான். நடுவில் வேலை கிடைத்துவிட்டால், சேர்ந்த நாளுக்கு முன்பு வரை மட்டும்.

தளத்தில் ஐபி உள்நுழைவில் மனுவை நிரப்பி, ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல்களை ஏற்றுங்கள். செல்போனைவிடக் கணினி நல்லது. நகல்களை அங்கேயே ஏற்றிவிட்டால் காகிதம் எதையும் நேரில் கொடுக்க வேண்டியதில்லை. ஏற்றாதவர்கள் மனுவை அச்செடுத்துக் கையெழுத்திட்டு, நகல்களோடு கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் எழுதும் விதியை 2020 நவம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். பழைய பதிவுகளைப் படித்துவிட்டு நோட்டரிக்குச் செலவு செய்யாதீர்கள்.

ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதி ஆகியவற்றோடு இஎஸ்ஐ பதிவு ஒத்துப்போக வேண்டும். 'முருகன் எஸ்', 'எஸ் முருகன்' என்ற வித்தியாசம்கூட இழுத்தடிக்கும். வேலையில் இருக்கும்போதே முதலாளி வழியாகத் திருத்திக்கொள்வது சுலபம்.

சேர்த்தது: ஆலையையே மூடிவிட்டால்? அதற்கு 2005 முதல் ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் யோஜனா இருக்கிறது. ஆலை மூடல், ஆட்குறைப்பு, வேலை சாராத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கு முதல் 12 மாதம் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். தகுதி இருந்தால் முதலில் இதைக் கேளுங்கள். காலம் பல மடங்கு அதிகம். இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது.

மீண்டும் சேர்த்தது: பலரும் கேட்ட இரட்டை ஐபி நம்பர் விவகாரம். புதுக் கம்பெனியில் பழைய நம்பரைச் சொல்லாமல் விட்டால் புதிதாக ஒன்று போட்டுவிடுவார்கள். உங்கள் இரண்டு ஆண்டு வரலாறு இரண்டாக உடைந்து, எந்த நம்பரிலும் தகுதி நிறையாமல் போகும். இரண்டு நம்பரையும், இரண்டு கம்பெனியின் சம்பளச் சீட்டையும், ஆதார் நகலையும் வைத்துக் கிளை அலுவலகத்தில் இணைக்கக் கோரி மனு கொடுங்கள். இணைந்தது தளத்தில் தெரிந்த பிறகே நிவாரணத்துக்கு விண்ணப்பியுங்கள்.