பூங்கொத்து வாங்கும் முன் ஒரு போன்

ஆஸ்பத்திரிக்குப் பூங்கொத்து வாங்கும் முன், வார்டு நர்ஸிடம் போனில் கேட்டுவிடுங்கள்; வாசலிலேயே தடுத்துவிட்டால் காசும் வீண், பூவும் வீண். அனுமதி உண்டென்றால் மணம் குறைந்த பூவாகப் பாருங்கள். லில்லி என்றால் நடுவிலுள்ள மகரந்தப் பைகளைக் கிள்ளி எறியுங்கள்: தும்மல் குறையும், படுக்கை விரிப்பில் கறையும் படியாது.

பூவைப் பார்த்தால் மனசு லேசாகும், உண்மைதான். ஆனால் ஜாடித் தண்ணீரில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா பெருகும் என்பது 1973லேயே ஆய்வில் வெளிவந்த விஷயம். தினமும் தண்ணீரை மாற்றுங்கள் (நோயாளி கையால் வேண்டாம்). தொட்டிச் செடி இன்னும் மோசம், மண்ணில் பூஞ்சை இருக்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவு, தீக்காயம், உறுப்பு மாற்று, கீமோ என்றால் போனே தேவையில்லை; அங்கெல்லாம் பொதுவாகப் பூவுக்கு இடமில்லை.