பத்திரத்தில் ‘வண்டிப்பாதை பாத்தியம்’ என்று இருந்தால் அகலம் எத்தனை அடி?

எங்கள் தோட்டத்து வழியோரம் பக்கத்துக்காரர் வேலிக்கல் நட வந்தபோதுதான் பாதை 12 அடியா, 16 அடியா என்ற கேள்வி எழுந்தது. இரண்டு பேருடைய கிரயப் பத்திரத்திலும் ‘மாமூல் வண்டிப்பாதை பாத்தியம் சகிதம்’, அதாவது வழக்கமான வண்டிப்பாதையில் போகும் உரிமையோடு என்றுதான் இருந்தது; அகலம் இல்லை. விடை கிடைத்தது பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில். நான் தேடிய வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: பாதையை முதலில் ஒதுக்கிய மூலப்பத்திரத்தைப் பிடியுங்கள். அதில் 12 அடி விட்டிருந்தால், பின்னால் வந்த கிரயத்தில் 20 அடி என்று எழுதிவிட்டதால் மட்டும் பாதை அகலமாகிவிடாது. தனக்கு இல்லாததை யாரும் விற்க முடியாது. வில்லங்கச் சான்றில் சுருக்கம்தான் வரும். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குங்கள். மங்கிய ஜெராக்ஸ் எதற்கும் உதவாது.

படி 2: சொத்து விவரத்தை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலானவர்கள் சிக்குவது இங்கேதான்.

‘கிழமேல் ஜாதியடி 12, தென்வடல் ஜாதியடி 200’ என்றால் கிழக்கு மேற்கில் 12 அடி, தெற்கு வடக்கில் 200 அடி. அதாவது பாதை தெற்கு வடக்காக ஓடுகிறது, அகலம் 12. முதலில் பாதை எந்தத் திசையில் ஓடுகிறது என்று தாளில் வரைந்து கொள்ளுங்கள். அப்புறம் எண்ணைப் பாருங்கள். பழைய பத்திரங்களில் தமிழ் எண்களும் வரும். ‘௮ அடி’ என்பதில் முதலில் இருப்பது அகரம் இல்லை, எட்டு. ‘௰௨’ என்றால் 12. அளவு தச்சு முழத்தில் இருந்தால் ஒரு முழம் 33 அங்குலம்; சாதாரண முழமாக (18 அங்குலம்) எண்ணினால் பாதை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

‘16 அடி பாதையில் பொதுவில் பாதி’ என்பது வேறு, ‘இரு தரப்பும் 8 அடி விட்டு’ என்பது வேறு. முன்னதில் முழுப் பாதையும் இருவருக்கும் பொது. பின்னதில் அவரவர் நிலத்திலிருந்து 8 அடி போயிருக்கிறது. நான்கெல்லையில் ‘பாதைக்கு வடக்கு’ என்று இருந்தால் பாதை பெரும்பாலும் உங்கள் அளவுக்கு வெளியே. எதிர்த்தரப்புப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது தெளியும்.

படி 3: எஃப்.எம்.பி. எனப்படும் சர்வே புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) பாதை தனி உட்பிரிவாக இருந்தால் நல்லது. பரப்பு 0.02.50 ஹெக்டேர், அதாவது 250 சதுர மீட்டர்; நீளம் 68 மீட்டர் என்றால் சராசரி அகலம் சுமார் 3.68 மீட்டர், ஏறக்குறைய 12 அடி. பரப்பு தோராயமாக்கிய எண்ணாக இருக்கலாம் என்பதால் இது சரிபார்க்க மட்டும். பிரின்ட் எடுத்த படத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பிரின்டர் அளவை மாற்றிவிடும். களத்தில் எனக்குப் பிடித்தது இரும்பு டேப்தான், துணி டேப் இழுபடும். ‘அ’ பதிவேட்டில் (நிலத்தின் வகை எழுதியிருக்கும் வருவாய்த்துறைப் பதிவேடு) பாதை புறம்போக்கு என்று இருந்தால் கதையே வேறு: அது அரசு நிலம்.

படி 4: எந்தப் பத்திரத்திலும் அகலம் இல்லையா? அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமைகளைச் சொல்லும் இந்திய வசதியுரிமைச் சட்டம் (1882) 28ஆம் பிரிவு, அன்று இரு தரப்பும் என்ன நினைத்திருக்கக்கூடும், எந்த உபயோகத்துக்கு வழி விட்டார்கள் என்று பார்க்கச் சொல்கிறது. பழைய வேலி, கல், மரவரிசை, வாய்க்கால் பாலத்தின் அகலம் எல்லாம் சாட்சிதான். தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

பின்சேர்க்கை: நடைபாதைப் பாத்தியத்தில் டிராக்டர் ஓட்டலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேறு நோக்கம் இருந்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால், ஒருவகை வழியுரிமைக்குள் இன்னொரு வகை அடங்காது என்று அதே 28ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே நடைபாதைப் பாத்தியத்தை மட்டும் வைத்து டிராக்டர் ஓட்ட முடியாது. பக்கத்துக்காரர் சம்மதித்தால் அடி, மீட்டர் இரண்டிலும் அளவு போட்டு, வரைபடம் இணைத்து, இருவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். சம்மதிக்காவிட்டால் சிவில் கோர்ட்டுதான். தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்து இந்த உரிமையைத் தீர்மானிக்க முடியாது.