பிரிண்ட்ஹெட் வெப்பக் கட்டுப்பாடு: காப்புரிமை நோட்டீஸ் வந்தால் சரிபார்க்கும் முறை

பிரிண்ட்ஹெட் (பிரிண்டரில் மையைத் தெளிக்கும் பாகம்) தொடர்பான அமெரிக்கக் காப்புரிமையை நீங்கள் மீறியதாக நோட்டீஸ் வந்தால், முன்பக்கச் சுருக்கத்தைப் படித்துப் பதற வேண்டாம். சட்டப் பாதுகாப்பு கடைசியில் எண்ணிட்டிருக்கும் உரிமைக்கோரல்களுக்குத்தான். வேறு கோரலைச் சாராதவற்றை (1ஆம் எண் எப்போதும் அப்படித்தான்) உறுப்பு உறுப்பாக உடைத்து அட்டவணையின் இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம் உங்கள் பொருளில் அதற்கு நேரான பாகம். ஓர் உறுப்பு விடுபட்டாலும் எழுத்துப்படி மீறல் இல்லை. ‘சமமான மாற்று’ (பாகம் வேறானாலும் வேலை அதேதான்) என்ற வாதம் மிஞ்சும். அதற்குக் காப்புரிமை அலுவலகக் கோப்பை இறக்கிப் பாருங்கள்: அனுமதி வாங்கக் காப்புரிமைதாரரே கோரலைக் குறுக்கியிருந்தால், விட்டுக்கொடுத்ததை மறுபடி கேட்பது மிகக் கடினம்.

இந்தத் துறையில் சண்டை பெரும்பாலும் மூன்று கேள்விகளில் வந்து நிற்கும்: ஹெட் வெப்பநிலையை எங்கே அளக்கிறது, எந்த வரம்போடு ஒப்பிடுகிறது, எது சூடேற்றுகிறது. தெர்மல் இங்க்ஜெட்டில் ஹீட்டரை ஒட்டிய மை சில மைக்ரோவினாடிகளில் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுக் குமிழியாகி, துளியைத் தள்ளுகிறது. தொடர்ந்து அச்சடிக்கையில் சிலிக்கான் சில்லு சூடாகும், மை இளகும், துளி பெரிதாகும். பக்கத்தின் அடிப்பாகம் அடர்ந்துபோகும். தொடக்கத்திலேயே சில்லைச் சூடாக வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் குறையும். அதற்கு, துளி வெளியேறாத அளவு சிறிய பல்ஸ்களை அதே ஹீட்டருக்கு அனுப்பலாம். தனி ஹீட்டரும் வைக்கலாம். கோரல் தனி ஹீட்டரைச் சொன்னால், முதல் வழியில் இயங்கும் ஹெட் எழுத்துப்படி அதில் சிக்காது.

ஊகிக்காமல் அளந்து பாருங்கள். சில்லில் அலுமினிய சென்சர் ரெசிஸ்டர் இருந்தால் டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் மின்தடை ஏறும். 400 ஓம் என்றால் 20 டிகிரிக்கு ஏறத்தாழ 32 ஓம். வெப்பப் பெட்டியில் 25, 35, 45 டிகிரியில் நான்கு கம்பி முறையில் (கரண்டுக்கு இரண்டு, மின்னழுத்தம் அளக்க இரண்டு), 1 மில்லியாம்பியருக்கு மிகாமல் அளவெடுங்கள். கரண்ட் கூடினால் சென்சர் தானே சூடாகிக் கணக்கைக் கெடுக்கும். பிறகு ஆசிலாஸ்கோப்பில் ஹீட்டர் லைனைப் பிடித்து, முதல் துளிக்கு முன் குறும் பல்ஸ் வருகிறதா, எந்த வெப்பநிலையில் நிற்கிறது என்று பதிவு செய்யுங்கள். கோரல் ‘அச்சிடும் முன்’ என்கிறதா, ‘அச்சிடும்போது’ என்கிறதா என்பதோடு ஒப்பிட இந்தப் பதிவுதான் சாட்சி.

முன்கலையை, அதாவது அந்தக் காப்புரிமைக்கு முன்பே வெளிவந்த ஆவணங்களைத் தேட, காப்புரிமை வகைப்பாட்டின் பி41ஜே 2/04563 வகுப்பில் தொடங்குங்கள். ஹெட் வெப்பநிலையைக் கண்டறிவதற்கென்றே உள்ளது. கேனனும் ஹெச்பியும் 1970களின் இறுதியிலேயே இந்தத் தொழில்நுட்பத்தில் இறங்கியவை என்பதால் பழைய ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை.

விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு தாண்டிக் காப்புரிமை காலாவதியாகியிருந்தாலும் அலட்சியம் கூடாது: வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய 6 ஆண்டுகளில், காப்புரிமை உயிரோடு இருந்தபோது நடந்த விற்பனைக்கு இழப்பீடு கேட்கலாம். செல்லாதென்று காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியத்தில் மறு ஆய்வு கேட்பதானால், வழக்கு மனு கையில் கிடைத்து ஓராண்டுக்குள் கேட்டுவிட வேண்டும்.

இந்த அட்டவணையை வழக்கறிஞரின் வழிகாட்டலில் தயாரியுங்கள். ‘நாம் மாட்டிக்கொண்டோம்’ என்று பொறியாளர் எழுதும் மின்னஞ்சல், எதிர்த்தரப்பு கேட்கும் ஆவணங்களோடு நீதிமன்றம் போய்ச் சேரும்.