சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: மழை, வெயில், தோட்டத்துப் பாதை

முதலில் நேரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். விமானம் இறங்கியதும் கைப்பேசி தானாக மாறிவிடும். உடம்பு மாறத்தான் நாளாகும். இந்திய நேரத்தைவிட இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். போதாததற்கு, 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக்கினார்கள். அதனால் நம் ஊர் இருக்கிற பேராக் மாநிலத்தில் 7 மணியை ஒட்டித்தான் பொழுது விடியும். உச்சி வெயில் 12 மணிக்கு இல்லை, 1 மணிக்கு மேல். இருட்டுவதும் 7 மணிக்கு, சில மாதங்களில் ஏழரைக்கு. ஊரில் 6 மணிக்கு வாசல் தெளித்துப் பழகியவர்கள் இங்கே அதே 6 மணிக்குக் கதவைத் திறந்தால் கும்மிருட்டாக இருக்கும். பயப்பட வேண்டாம். அந்த இருட்டிலேயே ரொட்டி சானாய்க் கடையில் கல் சூடாகிவிடும், தோட்டத்துக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் ஓட ஆரம்பித்துவிடும்.

இந்த ஊரில் நாளைத் திட்டமிடுவது கடிகாரத்தை வைத்து இல்லை, வானத்தை வைத்து. கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். வேலை பெர்மிட்டில் வருகிற தம்பிகளுக்கும், குடித்தனம் நடத்த வருகிற பெண்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வெளியே போகிற வேலை எல்லாவற்றையும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, கிளினிக், பசார், துணி காயப்போடுவது, யாரையாவது பார்க்கப் போவது, எல்லாமே. காலை 8 மணியிலிருந்து 11 வரை பெரும்பாலான நாட்களில் வானம் நல்லபடியாக இருக்கும். 12 மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். சாயங்காலம் மழைக்குரியது.

மழை எப்படி வருகிறது என்று ஒரு வாரம் கவனித்தாலே பிடிபட்டுவிடும். நம் ஊருக்குக் கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர். காலையில் மலை தெளிவாகத் தெரியும். வெயில் ஏற ஏற அதன் தலையில் மேகம் சேரும். 2 மணி, 3 மணிக்கு மலைப்பக்கம் கறுத்து, இதுவரை அசையாமல் இருந்த காற்று திடீரென்று சில்லென்று வீசினால், கொடியில் கிடக்கிற துணியை எடுத்துவிட வேண்டியதுதான். தூறலாக ஆரம்பித்து மெல்ல வலுக்கிற மழை இல்லை இது. ஒரேயடியாகக் கொட்டும். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும், அடுத்த அரை மணியில் ரோட்டில் ஆவி பறக்க வெயில் அடிக்கும். இப்படி இடியோடு கொட்டுவது அதிகம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும்தான். தீபாவளி இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். முறுக்கு மாவு, புதுத்துணி எல்லாவற்றையும் காலைப்பொழுதில் முடித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை என்று செய்தியில் வெள்ளத்தைக் காட்டுவார்கள். அதன் முழு அடி விழுவது கிழக்குக் கரையில் இருக்கிற கிளந்தான், திரங்கானு பக்கம். நமக்கு அந்த மலைத்தொடர் ஓரளவு அணை போடுகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, ஆனால் வேறு தொந்தரவு உண்டு. சுமத்ராவில் காடும் கரிமண் நிலமும் எரிகிற ஆண்டுகளில் புகைமூட்டம் இங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். எதிர்மலை தெரியாது, கண் எரியும், தொண்டை கரகரக்கும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியத்துக்குக் கெடுதி என்று கணக்கு. 200-ஐத் தாண்டினால் மிகவும் கெடுதி. வீட்டில் ஆஸ்துமாக்காரர்களோ குழந்தைகளோ இருந்தால் அந்த நாட்களில் வெளியே நடந்து போவதை விட்டுவிடுங்கள். மழைக்கும் இடிக்கும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைச்சுவாச்சா (myCuaca) செயலியைக் கைப்பேசியில் போட்டு வையுங்கள். அது போடுகிற இடி எச்சரிக்கையை மதியுங்கள்.

இடியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஊரில் இடி இடித்தால் அர்ச்சுனன் பெயரைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். இங்கே மின்னல் மிக அடிக்கடி தரை தொடுகிறது. மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பியுங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். திறந்த திடலில் குடை பிடித்து நடக்காதீர்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். வயலில் நின்று பழகியவர்கள்கூட இதில் கவனக்குறைவாக இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது.

இந்த மழையைப் பற்றி ஊர்க்காரர்கள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்று புதியவர்களுக்குத் தோன்றும். காரணம் சோறு. பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, வெயில் ஏறுவதற்குள் வெட்ட வேண்டும். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டில் ஓடாமல் மரத்தோடு வழிந்து போகும், மங்கில் (பால் பிடிக்கிற கிண்ணத்தில்) விழுந்த பாலிலும் மழைத்தண்ணீர் கலந்துவிடும். அன்றைக்கு நிரைக்கு (மரவரிசைக்கு) போனாலும் பலன் இல்லை. இப்போது பாதிக்கு மேல் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆகிவிட்ட தோட்டங்களிலும் கதை வேறு இல்லை. அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போனால்தான் எண்ணெய் தரமாக இருக்கும். மழையில் மண் பாதை சேறாகிவிட்டால் லாரி சிக்கிக்கொள்ளும். ஆகவே அண்ணனோ அக்காவோ உங்களிடம் “நேத்து ராத்திரி அங்க மழயா?” என்று கேட்டால் அது பேச்சுக்குக் கேட்கிற கேள்வி இல்லை. ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். அந்த ஒரு பதிலிலிருந்து நல்ல பழக்கம் தொடங்கியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சரி, நடைக்கு வருவோம். வந்த முதல் மாதத்தில் ஒரு சிநேகிதரைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் வீட்டுக்கு நடந்தே போங்கள். கிராப் வாடகைக் காரில் போனால் வீடு போய்ச் சேருவீர்கள், ஊர் பழகாது.

நான் போகிற வழியையே சொல்கிறேன். டவுனில் கடைவரிசையின் அஞ்சடியில்தான் தொடங்குவேன். கடைகளுக்கு முன்னால் மாடி நிழலில் ஓடுகிற இந்த நடைபாதை வெயிலுக்கும் மழைக்கும் ஒரே மாதிரி உதவும். மழை பிடித்துக்கொண்டால் அங்கேயே நில்லுங்கள், ஓடாதீர்கள். சீனத் தவ்கே (கடை முதலாளி), மலாய்க்கார மக்சிக் (வயதான அம்மா), நம் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் ஒதுங்குவார்கள். ஒரு மணி நேரம் சும்மா நின்றால் யாராவது நீங்கள் எந்த ஊர், எங்கே வேலை என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். எனக்கு வாடகை வீடு கிடைத்தது அப்படி ஒரு மழையில்தான். பெரியவர்களை ஐயா, அம்மா என்றோ அங்கிள், ஆண்ட்டி என்றோ கூப்பிடலாம். மலாய்க்காரர்களை அபாங் (அண்ணன்), காக் (அக்கா) என்று கூப்பிட்டால் முகம் மலரும்.

கடைவரிசை முடிந்ததும் ரோட்டோரம் கால்வாய் வரும். ஊரில் சாக்கடை ஒரு முழ ஆழம். இங்கே ஆள் ஆழத்துக்கு இருக்கும், பல இடங்களில் மூடியும் இருக்காது. பெருமழையில் ரோடும் கால்வாயும் ஒரே தண்ணீராகிவிட்டால் எங்கே பாதை முடிகிறது என்று தெரியாது. அந்த நேரம் நடக்கவே கூடாது, தண்ணீர் வடியட்டும். மற்ற நேரங்களில் ரோட்டின் வலது பக்கமாக, எதிரே வருகிற வண்டி கண்ணில் படும்படி நடங்கள். குலை ஏற்றிய லாரி வளைவில் திரும்பும்போது ஒன்றிரண்டு பழம் உருண்டு விழும், முள் காம்பும் விழும். கொஞ்சம் தள்ளி நின்று வழி விடுங்கள். மெல்லிய சிலிப்பர் வேண்டாம், அந்த முள் அடியைத் துளைத்துக்கொண்டு ஏறும்.

தோட்டத்து வாசலில் காவலாளி இருந்தால் பெயரும் யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதும் சொல்லிவிட்டுப் போங்கள். அது தனியார் நிலம். உள்ளே நுழைந்ததும் கட்டிப்பால் (உறைந்த ரப்பர்ப் பால்) வாடை அடிக்கும். முதல் நாள் குமட்டும், பிறகு பழகிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் போனால் பால்மரங்கள் இலை உதிர்த்து, நிழலில்லாமல் நிற்கும், தொப்பி கட்டாயம். செம்பனை நிரைக்குள் குறுக்கு வழியில் இறங்காதீர்கள். எலியைத் தேடி நாகம் வரும் இடம் அது. மண் பாதையிலேயே போங்கள், மழைக்கு மறுநாள் என்றால் காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி கேட்டால் ரோட்டுப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். “பழைய ஸ்டோர் தாண்டி, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால” என்பார்கள். ஆயாக் கொட்டகை (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட கொட்டகை) இருந்த இடம் என்பார்கள், அங்கே இப்போது வெறும் தரைதான் இருக்கும். பிரட்டுக்களம் என்று ஒரு வெட்டவெளியைக் காட்டுவார்கள். விடியலில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்த இடம். இந்த அடையாளங்களைக் கேட்டுக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பிறந்தவர்கள் பலர் இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில்தான் இருக்கிறார்கள். 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, அவை சிறு துண்டுகளாகப் பிரிந்து, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். அதைத் தடுக்கத்தான் 1960-இல் இந்த ஊரில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி (இங்கே பணத்துக்கு அப்படித்தான் பெயர்) கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். வயதானவர்களிடம் இதைப் பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார்கள். நம்மைவிட முன்னால் வந்தவர்கள் பட்டதைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே நாம் வேர் பிடிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் பார்க்கப் போகிற அக்கா செம்பனை உதிரிப்பழம் பொறுக்குகிற வேலை செய்கிறார். குனிந்து குனிந்து பொறுக்கி, நகக்கண் எல்லாம் ஆரஞ்சு நிறமாக எண்ணெய்க் கறை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. போனதும் செருப்பை வெளியே கழற்றுவதற்குள், “நனஞ்சிட்டியா? உள்ள வாம்மா, தண்ணி கலக்குறேன்” என்று குரல் வரும். கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) வரும், கூடவே பிஸ்கட். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், பாதியாவது குடியுங்கள். வெறுங்கையோடும் போகாதீர்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு ரொட்டி போதும். பெரிதாக ஏதாவது வாங்கிப் போனால் அவர்களுக்கும் திருப்பிச் செய்ய வேண்டிய சங்கடம். முன்னாலேயே போன் பண்ணிவிட்டுப் போவது நல்லது. பால்மரம் வெட்டுகிற வேலை செய்கிறவர்கள் மத்தியானம் தூங்குவார்கள்.

மற்றச் சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைகளில் விலையை வெள்ளி என்றுதான் சொல்வார்கள், ரிங்கிட்டைத்தான் சொல்கிறார்கள். பிள்ளைகள் இருந்தால் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி ஊரிலேயே இருக்கிறது. ஈப்போவுக்குப் பெரிய வேலை என்றால் ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரை மழை விட்டதுமே கொட்டிவிடுங்கள், பூந்தொட்டித் தட்டு உட்பட. டிங்கி (டெங்கு) கொசு அதில்தான் முட்டையிடும். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அவசரத்துக்கு 999.

வேலைக்கு வந்த தம்பிகள் இதைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) உங்களிடம்தான் இருக்க வேண்டும். அதை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். நடக்கப் போகும்போதும் பெர்மிட்டோடு கையில் வைத்திருங்கள், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறையில். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது; வீட்டுப் பணியாளர்களைத் தவிர வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அது பொருந்தும். வேலையில் அடிபட்டால் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி உண்டு, 2019 முதல் நமக்கும் சேர்த்துத்தான். உங்கள் பெயரைப் பதிந்திருக்கிறார்களா என்று முதல் மாதமே கேளுங்கள்.

அப்புறம், திரும்பி வருகிற நேரம். மழை விட்ட பிறகு எவ்வளவு பேச்சு மீதி இருந்தாலும் 6 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். தோட்டத்துப் பாதையில் விளக்கு கிடையாது, செம்பனை நிழலில் 7 மணிக்கு முன்பே இருட்டிவிடும். கைப்பேசி சார்ஜ் இறங்கிவிடும் என்பதால் சின்ன டார்ச்லைட் ஒன்று பையில் தனியாக இருக்கட்டும். அடுத்த ஞாயிறு அவர்களை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். காலை 9 மணிக்கு என்று சொல்லுங்கள், தோசை சுட்டுப் போட்டு மத்தியானத்துக்குள் அனுப்பி வைக்கலாம்.