தாழ்வான காரின் முன் பம்பரை ஸ்டாப்பரில் உரசாமல் நிறுத்துவது எப்படி?

மால் பார்க்கிங்கில் காரை நேராக உள்ளே விடுகிறீர்கள். டயரை நிறுத்தத் தரையில் வைத்த கட்டையான ஸ்டாப்பரில் டயர் முட்டுவதற்கு முன்பே கீழேயிருந்து 'கர்ர்ர்க்' என்று ஒரு சத்தம். "சரி, கீழ்ப்பக்கம்தானே" என்று இறங்கிப் பார்க்காமல் போய்விடுகிறோம். படம் முடிந்து வந்து ரிவர்ஸ் எடுக்கும்போது 'டக்... டக்' என்று இன்னொரு சத்தம் வரும் பாருங்கள், செலவு வைப்பது அதுதான். உள்ளே போகும்போது விழுவது வெறும் கீறல். வெளியே வரும்போது பம்பரே பிடுங்கிக்கொள்ளும்.

புதிதாக செடானோ தாழ்வான ஹேட்ச்பேக்கோ வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேவையான பொருள்கள்: ஒரு இன்ச் டேப், ஒரு பழைய அட்டைப்பெட்டி, சாக்பீஸ், உதவிக்கு ஒரு ஆள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் கூட்டம் சேர்வதற்குள் முடித்துவிடலாம்.

படி 1: பம்பரின் உதட்டை அளந்து கொள்ளுங்கள்

ஷோரூமில் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று ஒரு எண் சொல்வார்கள். ஹோண்டா சிட்டிக்கும் ஹூண்டாய் வெர்னாவுக்கும் 165 மி.மீ., ஸ்கோடா ஸ்லாவியாவுக்கும் ஃபோக்ஸ்வேகன் வெர்ட்டஸுக்கும் 179 மி.மீ. என்று போகும் அந்தக் கணக்கு. அந்த எண் வண்டியின் அடிவயிற்றைப் பற்றியது, அதுவும் பெரும்பாலும் வண்டி காலியாக நிற்கும்போது எடுத்தது. முன் பம்பரின் கீழ்விளிம்பு, அதாவது உதடு, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை எந்தப் பிரோஷரும் சொல்வதில்லை. பார்க்கிங்கில் நமக்கு வேண்டியதோ அந்த அளவு மட்டும்தான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். காற்று சரியாக இருக்கட்டும், முன்சீட்டில் இரண்டு பேர் உட்காரட்டும். இப்போது பம்பரின் இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் தரையிலிருந்து அளங்கள். பெயிண்ட் அடித்த பகுதி எங்கே முடிகிறது என்று ஓர் அளவு. அதற்குக் கீழே பல கார்களில் வளைந்து கொடுக்கும் கறுப்புப் பட்டை ஒன்று தொங்கும், ஏர் டேம் என்பார்கள். அது எங்கே முடிகிறது என்று இன்னோர் அளவு. கறுப்புப் பட்டை உரசினால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், வாங்கிக் கட்டிக்கொள்வதற்கென்றே உள்ள பாகம் அது. பெயிண்ட் பகுதி தொட்டால்தான் பிரச்சினை.

கூடவே முன் டயரின் முன்விளிம்பிலிருந்து பம்பரின் நுனி வரை எவ்வளவு தூரம் என்றும் பார்த்துவிடுங்கள். சாதாரண செடானில் அரை மீட்டருக்குக் குறையாது. ஸ்டாப்பர் டயரை நிறுத்துவதற்காக வைத்த கட்டை. டயர் அதைத் தொடும்போது பம்பர் அரை மீட்டர் தாண்டிப் போயிருக்கும். "டயர் முட்டும் வரை போகலாம்" என்ற பழக்கம் உயரமான வண்டிகளில் செல்லும். நம் வண்டியில் செல்லாது.

படி 2: எதிரில் இருப்பதன் உயரம்

மால்களில் மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட ரப்பர் ஸ்டாப்பர் பெரும்பாலும் 10 செ.மீ. ஒட்டிய உயரம்தான். கான்கிரீட் கட்டையென்றால் கட்டிய மேஸ்திரியின் மனசுக்குத் தகுந்தபடி. நடைபாதை 150 மி.மீ.க்கு மேல் உயரக் கூடாது என்று சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி சொல்கிறது. நம் ஊர் பிளாட்பார்மைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

கணக்கு எளிது. உங்கள் பெயிண்ட் விளிம்பின் உயரத்திலிருந்து 3 செ.மீ. கழித்துவிடுங்கள். பிரேக் போடும்போது மூக்கு கொஞ்சம் தாழும், தரையும் எப்போதும் சமமாக இருக்காது, அதற்கான இடம் அது. 18 செ.மீ. அளந்திருந்தால் உங்கள் எண் 15. அதைவிட உயரமாகத் தெரிவது எதுவானாலும், அதன் மேல் பம்பரைக் கொண்டுபோகக் கூடாது.

படி 3: அட்டை வைத்துப் பழகுதல்

இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள், இதுதான் உண்மையில் பலன் தருவது. அட்டைப்பெட்டியை வெட்டி, 15 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி மடித்து, காரின் அகலத்தைவிட இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் நீளும் சுவராக வையுங்கள். அட்டை போதாவிட்டால் நடுவில் அட்டை, இரு பக்கமும் சாக்பீஸ் கோடு. உதவியாளர் பக்கவாட்டில் நிற்கட்டும், வண்டிக்கு நேர் எதிரே யாரும் நிற்க வேண்டாம்.

முதல் கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை மெல்ல விட்டு, ஊர்ந்து போங்கள். பம்பர் அட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது உதவியாளர் "நில்" என்று சொல்ல வேண்டும். நின்றதும் ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, சீட்டில் சாதாரணமாக உட்கார்ந்தபடியே வலது ஜன்னல் வழியாகப் பாருங்கள். முன்னால் உள்ள கோடு பானெட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டது, தெரியாது. ஆனால் அதே கோடு வலப்பக்கம் நீண்டு போவது தெரியும். அது ஜன்னல் கண்ணாடியின் கீழ்விளிம்பில் எங்கே வெட்டுகிறது, கதவின் எந்த மூலையோடு சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆளின் உயரத்துக்கும் சீட் வைத்திருக்கும் விதத்துக்கும் ஏற்ப இது மாறும். அதனால் உங்கள் அடையாளம் உங்கள் வீட்டுக்காரருக்குப் பொருந்தாது, அவர் தனியாகப் பழக வேண்டும்.

இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உதவியாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே நீங்கள் நிறுத்திவிடும் நிலை வந்தால் போதும். பிறகு ஒருமுறை வேண்டுமென்றே அட்டையின் மேல் விட்டுப் பாருங்கள். எந்த இடம் முதலில் தொடுகிறது, அட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று குனிந்து பார்த்தால் உங்கள் பம்பரின் பலவீனம் தெரிந்துவிடும். அட்டை நசுங்கினால் நஷ்டம் ஏதுமில்லை.

படி 4: ரிவர்ஸில் நிறுத்துங்கள்

இடம் கிடைத்தால் ரிவர்ஸ் பார்க்கிங்தான் என் முதல் தேர்வு. பெரும்பாலான கார்களில் பின் பம்பர் முன் பம்பரைவிட உயரமாக இருக்கும். 2019 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் விற்கும் கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். முன் சென்சாரோ விலை உயர்ந்த மாடல்களில்தான் வரும். அப்படி வந்தாலும் அதை நம்பி ஸ்டாப்பரை நெருங்காதீர்கள். சென்சார்கள் பம்பரின் நடு உயரத்தில் இருப்பதால், சுவரைப் பார்த்துக் கத்தும், காலடியில் கிடக்கும் கட்டையைக் கோட்டை விட்டுவிடும். ரிவர்ஸ் கேமரா இருந்தால் அதில் கட்டை தெரியும், எனவே பின்பக்கம் கண்ணால் பார்த்தே நிறுத்தலாம். சைலன்ஸர் குழாய் தாழ்வாகத் தொங்கும் வண்டியா என்பதை மட்டும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்கை உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், கட்டையைத் தொடாமல் முன்கூட்டியே நின்றுவிடுங்கள். பின்னால் வால் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், வாட்ச்மேன் விசில் அடித்து "இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே" என்பார். "அண்ணே, வண்டி அடி தட்டும்" என்று சொல்லுங்கள், பெரும்பாலும் விட்டுவிடுவார். விடாவிட்டால் வேறு இடம் தேடுங்கள்.

வீட்டு ரேம்பும் வேகத்தடையும் தனிக் கதை. சென்னையில் வெள்ளத்துக்குப் பயந்து தரைமட்டத்தை உயர்த்திக் கட்டிய வீடுகளில், தெருவிலிருந்து ரேம்ப் செங்குத்தாக ஏறும். அங்கே நேராக ஏறாமல் குறுக்காக, ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி போனால் மூக்கு தப்பிக்கும். வேகத்தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஏறும் கணத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விதிப்படி போட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அதில் எந்தக் காரும் தட்டாது. தட்டுவது தெருக்காரர்கள் ராத்திரியில் போட்டது.

படி 5: சொந்த பார்க்கிங் என்றால்

அபார்ட்மென்டின் தரைத்தள பார்க்கிங்கில் (ஸ்டில்ட்) உங்கள் இடத்தில் உயரமான கட்டை இருந்தால் அதை மாற்றச் சொல்லி அசோசியேஷனோடு சண்டை போட வேண்டாம். அதற்கு அரை மீட்டருக்கும் கூடுதலாக முன்னதாக, டயர் படும் இடத்தில், 5 செ.மீ. உயர மரக்கட்டை ஒன்றைத் தரையில் போல்ட் போட்டு வைத்துவிடுங்கள். ஊர்ந்து வரும் கார் அந்த உயரத்திலேயே முட்டியதைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும், பம்பரும் அதன் மேலே சுலபமாகக் கடந்துபோகும்.

ஸ்பிரிங்கில் ரப்பர் பஃபர் போட்டு வண்டியைத் தூக்குவது பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சஸ்பென்ஷனின் நடத்தை மாறும், வாரன்டியில் தகராறு வரலாம். டயரைப் பெரிதாக்கினாலும் கிடைப்பது கொஞ்சம்தான். 185/60 R15 அளவு டயர் போட்ட காரில் 185/65 R15 மாட்டினால் வண்டி உயர்வது சுமார் 9 மி.மீ. அதற்கு விலையாக, அதே வேகத்தில் போனாலும் ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிட சுமார் 3 சதவீதம் குறைவாகக் காட்டும்.

படி 6: ஏறி மாட்டிக்கொண்டால்

உரசும் சத்தம் கேட்டதும் கை தானாக ரிவர்ஸுக்குப் போகும். போகவிடாதீர்கள். உதடு கட்டையைத் தாண்டி மறுபக்கம் இறங்கியிருந்தால், அதன் பின்விளிம்பு கட்டையில் கொக்கி போட்டு நிற்கும். அந்த நிலையில் வண்டி பின்னால் வரும், பம்பர் வராது. முதலில் அடிப்பக்க பிளாஸ்டிக் கிளிப்புகள் தெறிக்கும், அடுத்து சக்கர வளைவு அருகே உள்ள ஸ்குரூவின் காது கிழியும், கடைசியாக ஃபெண்டரோடு சேரும் இடத்தில் பம்பர் விரிந்து நிற்கும்.

ஹேண்ட்பிரேக் போட்டு, வண்டியை அணைத்துவிட்டு இறங்குங்கள். எல்லோரும் இறங்கட்டும், டிக்கியில் கனமான சாமான் இருந்தால் அதை மட்டும் இறக்க வேண்டாம், பின்பாரம் குறைந்தால் மூக்கு இன்னும் தாழும். டார்ச் அடித்துப் பாருங்கள். ஆள் இறங்கியதிலேயே சில சமயம் உதடு விடுபட்டுவிடும். விடுபடாவிட்டால் ஜாக்கி. வண்டிக்கென்று சொல்லியிருக்கும் இடத்தில், அதாவது முன் சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் உள்ள அடையாளத்தில் வைத்துத் தூக்குங்கள். ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது, அதனால் முன்பக்கம் தூக்கும்போது அது கைவிடாது. தரை சமமாக இருக்க வேண்டும் என்பதும், ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ விடக் கூடாது என்பதும் நிபந்தனை.

டயர் தரையைவிட்டு எழுந்ததும், அதன் அடியில் 2, 3 செ.மீ. கனமான பலகையை ஒரு குச்சியால் தள்ளி வையுங்கள். பலகை பின்பக்கம் முக்கால் மீட்டராவது நீண்டிருக்கட்டும். மறுபக்கமும் அப்படியே. ஜாக்கியை இறக்கினால் மூக்கு பலகையின் கனத்துக்கு உயர்ந்திருக்கும். உதவியாளர் பக்கவாட்டில் நின்று பார்த்துச் சொல்ல, ஊர்ந்தபடி பின்னால் எடுங்கள். பலகை கிடைக்காத இடத்தில், வண்டியைத் தூக்கியிருக்கும்போது உதட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் கால்மிதி மேட்டைக் குச்சியால் செருகிவிட்டால், உதடு கொக்கி போடாமல் வழுக்கிக்கொண்டு வரும்.

படி 7: கீறல் விழுந்த பிறகு

நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் மேல் கோட்டில் மட்டும் பட்டிருக்கிறது, ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் போதும். நகம் மாட்டி, கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தால் பெயிண்ட் வேலை. பம்பர் துருப்பிடிக்காது, எனவே அவசரமே இல்லை. கீழ்விளிம்புக் கீறலை நின்றுகொண்டு பார்ப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது, அடுத்த கீறல் விழும் வரை அப்படியே விட்டுவைப்பதுதான் என் வழக்கம்.

நீங்களே அடிப்பதாக இருந்தால் பிளாஸ்டிக் பிரைமரைத் தவிர்க்காதீர்கள். பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். அதன் மேல் நேரடியாக அடித்த பெயிண்ட் சில மாதத்தில் உரிந்து வரும். வெடிப்பு விழுந்திருந்தால் உடனடிப் பசையும் அதே காரணத்தால் நிற்காது, பிளாஸ்டிக் வெல்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். தெறித்த கிளிப்புகளை சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடலாம். உடைந்த கிளிப் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள், வாயால் சொன்னால் வேறெதையாவது கொடுப்பார்கள்.

இன்ஷூரன்ஸ் கிளெய்முக்கு முன் ஒரு கணக்கு போடுங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 1500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு, நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸும் போகும். முதல் வருஷம் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருஷத்தில் 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் தள்ளுபடி அது. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி எடுத்திருந்தாலும் போனஸ் இழப்பு இழப்புதான். வெறும் கீறலுக்கு டிங்கரிங் கடைக்காரரிடம் கைக்காசு கொடுப்பதே பல சமயம் லாபம்.

உங்கள் காரில் எதிரே உள்ள வண்டியைக் கண்டறியும் முன் ரேடார் இருந்தால், கிரில்லிலோ பம்பரின் நடுவிலோ அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மேனுவலில் பார்த்து, வேலை ஆரம்பிக்கும் முன்பே பெயிண்டரிடம் காட்டிவிடுங்கள். அந்த இடத்தில் பட்டி பூசினாலோ பெயிண்ட் கனமாக ஏறினாலோ ரேடார் சரியாக வேலை செய்யாது.