மோரில் மிதக்கும் மல்லித்தழை: ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போனால் நாம் பயப்படுவதெல்லாம் ரோட்டோரக் கடைக்குத்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். கோபிப் பக்கம் போயிருந்தபோது தட்டுவடை செட், காளான் எதையும் பையன் தொடக்கூடாது என்று காவல் காத்துவிட்டு, வீட்டில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) கொடுத்த நீர்மோரை ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தோம். மேலே பச்சையாக, பொடியாக அரிந்த மல்லித்தழை. மறுநாள் ராத்திரி ஆரம்பித்த வயிற்றுப்போக்கில் பையனுக்கு டிரிப்ஸ் ஏற்றும் அளவுக்கு ஆகிவிட்டது. தண்ணீரா, தழையா, யார் கண்டது? ஆனால் அப்புறம் ஒருநாள் அடுக்களையில் நின்று பார்த்தேன். வாழைநாரில் கட்டிய தழைக்கட்டு பிரிக்கப்படவே இல்லை. அப்படியே குழாயில் காட்டி நாலு உதறு, நேராக அரிவாள்மனைக்கு. அதே மோரைக் குடித்த வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கேயே இருக்கிற உடம்புக்குச் சில கிருமிகள் பழகிப்போயிருக்கும். நமக்கும், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

வெந்த கீரையைக் கண்டு பயப்படவே வேண்டாம். களிக்குத் தொட்டுக்கொள்ளும் கீரைக்கடைசல், சுக்குட்டிக்கீரை (மணத்தக்காளி) குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். கொதியில் டைபாய்டு கிருமியும் சாகும், அமீபாவும் சாகும், புழு முட்டையும் சாகும். கவனிக்க வேண்டியது பச்சையாக உள்ளே போவதை: மோரில் தழை, கொதிக்காத புதினாச் சட்னி, தயிர்ப் பச்சடி, கல்யாணப் பந்தியில் கோசுமல்லி, பிரியாணியோடு வரும் வெங்காயம், தட்டுவடை செட்டில் துருவிப் போடும் கேரட், பீட்ரூட்.

இலையில் அப்படி என்ன ஒட்டியிருக்கும்? தொழுவுரம், சேற்று மண், சில இடங்களில் சாக்கடை கலந்த வாய்க்கால் தண்ணீர். நொய்யல் ஆற்றில் நகரக் கழிவுநீர் கலப்பது ஊரறிந்த சேதி. போதாததற்கு, வாடாமல் இருக்கச் சந்தையில் நாள் முழுக்கத் தெளிக்கிற தண்ணீர் வேறு. உழவர் சந்தையில் காலையில் வாங்கினாலும் இதே கதைதான். புதுசு என்பது வேறு, சுத்தம் என்பது வேறு. மண்வழிப் புழு எவ்வளவு சாதாரணம் என்றால், நாடு முழுக்கப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கவே தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

இனி கழுவுகிற விஷயம். தண்ணீர் கிருமியைக் கொல்லாது, இலையிலிருந்து கழற்றும். அதனால் கட்டை முதலில் பிரியுங்கள். வேரையும் அடித்தண்டையும் நறுக்கி எறியுங்கள், அழுகல், மஞ்சள் இலையைக் கிள்ளிவிடுங்கள். கோஸ் என்றால் மேல் இலை இரண்டு மூன்றை உரித்துவிட்டு மற்றதை இதழ் இதழாகப் பிரிக்க வேண்டும். அகலமான போசியில் தண்ணீர் நிறைத்து, தழையை அமுக்கி அலசி, ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். மண் அடியில் படியும். முதல் தண்ணீரில் குட்டி நத்தை கூட வரும். இப்போது போசியைச் சாய்க்காதீர்கள். சாய்த்தால் படிந்த மண் மறுபடி தழை மேலேயே வந்து உட்காரும். தழையைத்தான் இரண்டு கையாலும் அள்ளி வெளியே எடுக்க வேண்டும். அடியில் மணல் தட்டாத வரை தண்ணீரை மாற்றுங்கள், மூன்று தடவையாவது ஆகும். கடைசியாக இலை இலையாக விரலால் தேய்த்து, கொதித்து ஆறிய தண்ணீரில் ஓர் அலசு. அப்புறம்தான் அரிய வேண்டும். அரிந்துவிட்டுக் கழுவினால் வெட்டுவாய் வழியே அழுக்கு உள்ளே போகும். கறி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் இதைத் தொடவே தொடாதீர்கள்.

முதல் அலசல்களுக்கு உப்புத்தண்ணி, அதாவது போர்வெல் தண்ணீர், போதும். கடைசித் தண்ணீர்தான் முக்கியம். சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றிக் கோயமுத்தூர்க்காரர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள், நியாயம்தான். ஆனால் விட்டு விட்டு வந்து வீட்டுத் தொட்டியில் தேங்கிய பிறகு, அந்தத் தொட்டி எவ்வளவு சுத்தமோ அவ்வளவுதான் அந்தத் தண்ணீரும்.

உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைப்பது காலிபிளவரில் ஒளிந்திருக்கும் புழுவை வெளியே கொண்டுவரும், கிருமியைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம். வினிகர் பாக்டீரியாவைக் கொஞ்சம் குறைக்கும். சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கூடவே கூடாது, இலை அதை உறிஞ்சிக்கொள்ளும். குளோரின் மாத்திரை போடுவதானால் காய்கறி கழுவவென்று விற்பதை வாங்கி, உறையில் போட்டிருக்கும் அளவும் நேரமும் தப்பாமல் செய்து, முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். பாக்டீரியாவுக்கு அது நல்ல மருந்து. புழு முட்டை அதற்கு அசையாது, விரலால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வெளியே சாப்பிடும்போது இவ்வளவும் நடக்காது. ஆவி பறக்கிற இட்லி, தோசை, அரிசிம்பருப்பு சாதம் என்று போய்விடுங்கள், பச்சைச் சட்னியையும் வெங்காயத்தையும் ஒதுக்கிவிடுங்கள். டைபாய்டு ஊசி கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். மஞ்சள்காமாலை ஏ (ஹெபடைடிஸ் ஏ) தடுப்பூசியையும் அப்போதே மருத்துவரிடம் கேளுங்கள். பையில் ஓஆர்எஸ் பொட்டலம் நாலைந்து இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலக்கலாம். மலத்தில் ரத்தம், கடுங்காய்ச்சல், குழந்தை சோர்ந்து மூத்திரம் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெளிநாடு திரும்பிய பிறகு வாரக்கணக்கில் வயிறு சரியாகாவிட்டால், எங்கே போய்வந்தீர்கள் என்று அங்குள்ள மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இதையெல்லாம் சொந்தக்காரர் வீட்டில் எப்படிச் சொல்வது? அதுதான் கஷ்டம். "எங்கூட்டுத் தண்ணி உனக்கு ஆவாதா கண்ணு?" என்று அம்மிச்சி ஒரே வார்த்தையில் மடக்கிவிட்டார். போன தடவை நான் ஒன்றும் விளக்கவில்லை. காலையிலேயே அடுக்களைக்குப் போய், "தழை ஆயற வேலை எனக்குக் குடுங்க அம்மிச்சி" என்று போசியை வாங்கிக்கொண்டேன். மூன்றாவது தண்ணீரையும் மாற்றியபோது எட்டிப் பார்த்தவர், "இதென்ன சீலையா, இந்த அலசு அலசறே?" என்றார். அடியில் கிடந்த மணலைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கறிவேப்பிலையையும் எடுத்து என் பக்கம் தள்ளினார்.