ஸ்பாஞ்சும் துணியும் வைத்துக் கைப்பொம்மை: எங்கே சொதப்புகிறது?

வாயைத் திறந்து மூடிப் பேசும் கைப்பொம்மை ஒன்றை வீட்டிலேயே செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் போய் நிற்பது துணிக்கடையில். பச்சையா ஆரஞ்சா, முடிக்குக் கம்பளி நூலா ஃபர் துணியா என்று அங்கேயே பாதி நாள் போய்விடும். அப்புறம் தலையைச் செய்து, கண்ணை ஒட்டி, மூக்கு வைத்து, எல்லாம் முடிந்தபின் கையை உள்ளே விட்டால் கட்டைவிரலுக்கு இடமிருக்காது. பொம்மை பார்க்க அழகாக இருக்கும், பேசத்தான் மறுக்கும். கடைசியில் அலமாரிக்குப் போய்ச் சேரும்.

இந்த வேலையில் வரும் சொதப்பல்களில் பாதிக்கு மேல், வெளியிலிருந்து உள்ளே செய்துகொண்டு போவதால் வருபவை. முதலில் கை, அதற்கேற்ற வாய், வாய்க்கேற்ற தலை, துணி அதற்கப்புறம், கண் கடைசி. இந்த வரிசையை மாற்றினால் எங்கோ ஓரிடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

நமக்குப் பழக்கமான பொம்மலாட்டத்திலும் தோல்பாவைக் கூத்திலும் பெரும்பாலும் உடம்பும் கைகளும்தான் ஆடும். பேச்சும் பாட்டும் திரைக்குப் பின்னாலிருந்து வரும். ஸ்பாஞ்ச் பொம்மை தொலைக்காட்சிக்காக வளர்ந்த வகை. கேமரா முகத்துக்குப் பக்கத்தில் நிற்பதால் நடிப்பு முழுக்க வாயிலும் கண்ணிலும் இருக்கும். அமெரிக்கப் பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சன், பின்னாளில் தவளையாகப் புகழ்பெற்ற கெர்மிட் என்ற பொம்மையை 1955-ல் முதன்முதலில் செய்தது அம்மாவின் பழைய கோட்டை வெட்டி, பிங்பாங் பந்தை இரண்டாக நறுக்கிக் கண்ணாக வைத்துத்தான். அதனால் விலையுயர்ந்த பொருள் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம்.

வாய்: அட்டையும் அளவும்

அதிகம் பேர் தவறுவது வாய்க்குள் வைக்கும் தகட்டில். ஷூ பெட்டி அட்டையை வெட்டி மடித்து வைத்துவிடுகிறார்கள். முதல் அரைமணி நேரம் நன்றாகத்தான் இருக்கும். கை வியர்த்ததும் அட்டை நமுத்து நடுவில் வளைந்துவிடும். அப்புறம் நீங்கள் வாயைத் திறந்தாலும் உதடு திறக்காது. சிலர் அதற்குப் பயந்து பிளைவுட் வைக்கிறார்கள், அது எதிர்ப்பக்கத் தவறு. கனம் கூடி, பத்து நிமிஷத்தில் மணிக்கட்டு வலிக்கும். 3 மி.மீ. ரப்பர் ஷீட்டோ, கெட்டியான பிளாஸ்டிக் ஃபைல் அட்டையோ போதும்.

தகட்டை ஒரே துண்டாக வெட்டி நடுவில் மடிப்பதும் பிரச்சினைதான். ரப்பரும் பிளாஸ்டிக்கும் திரும்ப விரியவே பார்க்கும், பொம்மை எப்போதும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மேல் தாடைக்கு ஒன்று, கீழ்த் தாடைக்கு ஒன்று எனத் தனித்தனியாக வெட்டி, இடையில் 3 மி.மீ. இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் இழுபடாத துணிப் பட்டையை ஒட்டுங்கள். கதவுக் கீல் வைப்பது மாதிரிதான் வேலை.

அளவை யாருடைய கை உள்ளே போகிறதோ அவருடைய கையிலிருந்தே எடுக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வார்ப்பை (வெட்டுவதற்கான காகித மாதிரியை) அப்படியே அச்செடுத்தால், அது வேறு யாருடைய கைக்கோ வெட்டியதாக இருக்கும். நான்கு விரல்களையும் சேர்த்துத் தாளில் வைத்துக் கோடு போடுங்கள். அகலத்தில் இருபக்கமும் ஒரு செ.மீ. கூட்டிக்கொள்ளலாம். நீளத்தில் அவ்வளவு தாராளம் கூடாது. விரல்நுனியைத் தாண்டி இரண்டு செ.மீ.க்கு மேல் போனால் உதட்டு முனையை உங்கள் விரல் கட்டுப்படுத்தாது, அது தன்பாட்டுக்குத் தொங்கும். தவளைக்கோ முதலைக்கோ நீண்ட வாய்தான் வேண்டும் என்றால், நீட்டும் பகுதியில் தகடு வைக்காமல் வெறும் ஸ்பாஞ்சிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது விரல் பிடிப்பு. மேல்தட்டில் நான்கு விரல்களுக்கு ஒரு பட்டையான எலாஸ்டிக், கீழ்த்தட்டில் கட்டைவிரலுக்கு ஒரு சின்னப் பை. இந்தக் கட்டைவிரல் பையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அது இல்லாவிட்டால் கீழ்த்தாடை அசையாது, நீங்களும் அறியாமல் நான்கு விரல்களையும் மேலே தூக்கிப் பேச ஆரம்பிப்பீர்கள். எதிரே இருப்பவருக்கு, பொம்மை ஒவ்வொரு சொல்லுக்கும் வானத்தைப் பார்த்துக் கொட்டாவி விடுவதுபோல் தெரியும். மனிதர்கள் பேசும்போது இறங்குவது கீழ்த்தாடை. பொம்மைக்கும் அதேதான்.

தலையை வெட்டும் முன் ஒரு சோதனை. வெறும் வாய்த்தகட்டை மட்டும் கையில் மாட்டிக்கொண்டு அன்றைய செய்தித்தாளில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசியுங்கள், ஒவ்வொரு அசைக்கும் தாடை இறங்க வேண்டும். விரல் நழுவினாலோ, தகடு வளைந்தாலோ, கை வலித்தாலோ அதை இந்தக் கட்டத்தில் சரிசெய்துவிடலாம். தலைக்குள் போனபிறகு தையலைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஃபோம் என்று கேட்டால் கடைக்காரர் எதைத் தருவார்?

ஸ்டேஷனரி கடையில் ஃபோம் ஷீட் என்று கேட்டால் வண்ண வண்ணமாக, மெல்லிசாக, ரப்பர் மாதிரி ஒன்றைத் தருவார்கள். பள்ளி மாணவர்கள் பூ வெட்டி ஒட்டுவது அது. தலை செய்ய உதவாது. மெத்தைக் கடையில் சில இடங்களில் பல வண்ணத் துணுக்குகளை அழுத்தி ஒட்டிய கெட்டி ஃபோமைத் தருவார்கள், அதுவும் வேண்டாம். வளையாது, வெட்டினால் உதிரும். உங்களுக்கு வேண்டியது சோபா, கார் சீட் வேலை செய்பவர்களிடம் கிடைக்கும் பாலியூரிதேன் ஸ்பாஞ்ச், அரை அங்குலம், அதாவது சுமார் 12 மி.மீ. தடிமனில். மெத்தைகளில் 28, 32 என்று அடர்த்தி எண் சொல்வார்கள், அந்த அளவில் வாங்கினால் போதும். பார்சலுக்குள் வைக்கும் லேசான ஸ்பாஞ்ச் துணியை இழுத்துத் தைத்ததும் அமுங்கி, தலை வற்றிப்போனதுபோல் ஆகிவிடும்.

நான்கு அங்குலக் கட்டியை வாங்கிச் செதுக்கித் தலை செய்கிறவர்களும் உண்டு. அது ஒரு தனிக் கலை. முதல் பொம்மைக்கு எனக்கு அது சரியாகப் படவில்லை. தட்டையான ஷீட்டில் முக்கோண வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, வெட்டிய இரு விளிம்புகளையும் சேர்த்து ஒட்டினால் ஷீட் தானாகக் குவிந்து கன்னமாகவும் மண்டையாகவும் மாறும். ஜாக்கெட்டுக்கு டார்ட் பிடிப்பவர்களுக்கு இது விளக்காமலே புரியும்.

இங்கே கத்தரிக்கோல் வேண்டாம். கத்தரி ஸ்பாஞ்சை நசுக்கிக்கொண்டே வெட்டுவதால் விளிம்பு சாய்வாக வரும். சாய்ந்த இரண்டு விளிம்புகளை ஒட்டினால் நடுவில் மேடு விழும், துணியைத் தாண்டியும் அது தெரியும். புது பிளேடு போட்ட பேப்பர் கட்டரை நேராக நிறுத்தி, அழுத்தாமல் இரண்டு மூன்று முறை இழுத்து வெட்டுங்கள். விளிம்பு நேராக வந்தால் இன்னொரு வசதி, ஒரு பக்கத் துண்டைத் திருப்பிப் போட்டாலே மறுபக்கத் துண்டாகிவிடும். துணிக்கு இந்தச் சலுகை கிடையாது. வார்ப்பைத் திருப்பிப் போட்டு வெட்ட மறந்தால் இரண்டுமே இடது கன்னமாகிவிடும்.

பசையில் நடக்கும் தவறுகளை மட்டும் தனியாக எழுதலாம். வெள்ளை ஃபெவிக்கால் காய நேரமெடுக்கும், காய்ந்தபின் விறைக்கும். குளூ கன் அவசரத்துக்கு ஒட்டும், ஆனால் அந்த இடம் கட்டியாகிவிடும், வாய் மடங்கும் இடத்தில் அது ஒரு கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். இதற்குச் சரியானது செருப்பு, ரெக்சின் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் ரப்பர் பசை, ஃபெவிபாண்ட் மாதிரி. அதையும் தடவியவுடன் ஒட்டிவிடக் கூடாது. இரண்டு விளிம்பிலும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் விரலில் வராத அளவுக்கு, ஏறக்குறைய பத்து நிமிஷம், காயவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும். சேர்த்தால் சேர்த்ததுதான், நகர்த்த முடியாது. அதனால் முதலில் இரு முனைகளை ஒட்டிவிட்டு, நடுவை அப்புறம் பிடியுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தள்ளி உட்கார்ந்து செய்யுங்கள். அதன் ஆவி தீப்பிடிக்கக்கூடியது, தலையையும் சுற்றவைக்கும்.

ஒரு எச்சரிக்கை: தெர்மாகோல் உருண்டையைக் கண்ணாக வைக்க நினைத்திருந்தால் இந்தப் பசையை அதன் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். பசையில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். கண் இருக்க வேண்டிய இடத்தில் குழிதான் இருக்கும். தெர்மாகோலுக்கு வெள்ளை ஃபெவிக்கால் போதும்.

துணி

இழுபடாத துணியை உருண்டைத் தலைமேல் போர்த்தினால் சுருக்கம் விழாமல் இருக்காது. பருத்திச் சட்டைத் துணி, சாட்டின், கடையில் விற்கும் சின்ன ஃபெல்ட் துண்டு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். பனியன் துணி இழுபடும், ஆனால் மெல்லிசு. உள்ளே ஒட்டிய கோடெல்லாம் வெளியே தெரியும். நல்லது ஃப்ளீஸ். ஏசி போர்வை என்று விற்கிறார்களே, அதில் ஒன்றை வெட்டினால் நாலைந்து பொம்மைகளுக்கு வரும். அதுவும் இல்லையென்றால் பழைய ஸ்வெட்ஷர்ட்டைப் புரட்டிப் பாருங்கள். உட்பக்கம் பஞ்சுபோல் பிரஷ் செய்திருந்தால் அந்தப் பக்கத்தை வெளியே வைத்துத் தைக்கலாம்.

ஃப்ளீஸ் ஒரு திசையில் அதிகமாக இழுபடும். அந்தத் திசை தலையைச் சுற்றி, காதிலிருந்து காதுக்கு வர வேண்டும். மாற்றிப் போட்டால் கன்னத்தில் இறுகி, கழுத்தில் தொளதொளவென்று நிற்கும். ஃபர் துணியை மேலிருந்து கத்தரித்தால் முடியும் சேர்ந்து வெட்டுப்பட்டு, தைத்த இடம் வழுக்கைக் கோடாகத் தெரியும். பின்பக்கம் திருப்பி, அடித்துணியை மட்டும் பிளேடால் கீற வேண்டும்.

முகத்தின் நடுவில் மிஷின் தையல் ஓடினால் அது கோடாகத் தெரியும். அங்கே கைத்தையல்தான். ஹென்சன் தையல் என்றே ஒன்று உண்டு. விளிம்பிலிருந்து 3 மி.மீ. தள்ளி ஊசியை மேலிருந்து இறக்கி, இரு விளிம்புக்கும் நடுவில் வெளியே எடுத்து, எதிர்ப்பக்கத்தில் அதேபோல் இறக்க வேண்டும். இப்படி மாறி மாறிப் பத்துப் பன்னிரண்டு போட்டதும் நூலை இழுத்தால் இரண்டு விளிம்புகளும் உள்ளே மடங்கிக்கொள்ளும். பிறகு ஊசிமுனையால் அந்த இடத்துப் பஞ்சை லேசாகக் கிளறிவிட்டால் தையலைத் தேடத்தான் வேண்டும். துணி நிறத்திலேயே பாலியெஸ்டர் நூல் எடுங்கள், பருத்தி நூல் இழுக்கும்போது அறுந்துவிடும்.

துணி முழுவதையும் ஸ்பாஞ்சின்மேல் பசை போட்டு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வாய் திறக்கும்போது துணி ஸ்பாஞ்சின்மேல் வழுக்க வேண்டும். உதட்டு ஓரத்தில் மட்டும் ஒட்டினால் போதும்.

கண்

சிற்பி கடைசியில்தான் கண் திறப்பார். இங்கேயும் அப்படித்தான். 1960-களில் ஹென்சனுக்குப் பொம்மைகள் கட்டித் தந்த டான் சாலின், கண்ணை வைக்கும்போது ஹென்சன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பியவர். கண் அரை செ.மீ. நகர்ந்தால் ஆளே மாறிவிடும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வழக்கமான தவறு, கருமணியை வெள்ளை விழியின் நட்டநடுவில் ஒட்டுவது. அப்படி ஒட்டினால் இரண்டு கண்ணும் தனித்தனியே நேராகப் பார்க்கும், பொம்மை யாரையும் பார்க்காது. இரண்டு கருமணியையும் மூக்கை நோக்கிக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் பார்வை ஓரிடத்தில் குவியும். மாறுகண் ஆகிவிடுமோ என்று பயம் வரும், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆறடி தள்ளி நின்று பாருங்கள். அதைவிட நல்லது, கண்ணைக் குண்டூசியால் குத்தி வைத்து, பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு மொபைல் கேமராவில் பேசிப் பார்ப்பது. கண் இரண்டும் நெற்றியின் உச்சியில், வாயிலிருந்து எங்கோ தூரத்தில் இருந்தால் முகம் காலியாகத் தெரியும். இறக்கி, மூக்குக்கும் வாய்க்கும் பக்கத்தில் கொண்டு வாருங்கள். திருப்தியான பிறகே பசை.

கடையில் விற்கும் ஆடும் பிளாஸ்டிக் கண்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். கருமணி தன்னிஷ்டத்துக்கு உருளும், பார்வையே நிற்காது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் ஒட்டிய எந்தக் கண்ணும் ஆபத்து, துணியில் வெட்டித் தைத்துவிடுங்கள்.

மிச்சம் மீதி

கழுத்து உங்கள் மூடிய முஷ்டி நுழையும் அளவு இருக்க வேண்டும், உடல் துணி முழங்கை வரை வர வேண்டும். இரண்டும் குறைந்தால் பொம்மைக்குக் கீழே உங்கள் கைதான் தெரியும். கையை அசைக்கக் கம்பி வேண்டுமென்றால் பழைய குடைக் கம்பி ஒன்று போதும், முனையை மட்டும் வளைத்து டேப் சுற்றிவிடுங்கள். தலையில் கனமான நகை, மணி, பெரிய கொண்டை எல்லாம் வைத்தால் பொம்மை எப்போதும் குனிந்தே இருக்கும்.

முடித்ததும் பிளாஸ்டிக் கவரில் கட்டி அலமாரியில் அமுக்கி வைக்காதீர்கள். அமுங்கிய ஸ்பாஞ்ச் அந்த வடிவத்திலேயே படிந்துவிடும், வியர்வை ஈரம் இருந்தால் பூஞ்சையும் பிடிக்கும். ஒரு தண்ணீர் பாட்டிலில் மாட்டி நிறுத்திவிடலாம். வெயில் படும் ஜன்னலும் வேண்டாம், வெயிலில் ஸ்பாஞ்ச் மஞ்சளாகிப் பொடிய ஆரம்பிக்கும். அழுக்கானால் வாஷிங் மெஷினில் போடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். எப்படிப் பார்த்துக்கொண்டாலும் சில வருஷங்களில் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் உதிரத்தான் செய்யும். காகித வார்ப்பில் தேதியும் யாருடைய கை அளவு என்பதும் எழுதி எடுத்து வைத்திருந்தால், துணியைப் பிரித்துப் புதுத் தலையில் மறுபடி மாட்டிவிடலாம்.